நகலில் சீல் வாங்கினீர்களா?

சென்ற இதழில் கடைசிப் பத்தியில் ‘உங்கள் தெருவில் என்ன பிரச்சினை, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று ஒரு கேள்வியைப் போட்டு வைத்தேன். இந்த வாரம் ஆசிரியர் ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ‘நீங்களாச்சு, இதுவாச்சு’ என்று போய்விட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வழக்கறிஞர் இல்லை, அதிகாரி இல்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லிலிருந்து பல்லாயிரம் பேர் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்களே, அந்தக் கும்பலில் ஒருத்தி. வடசென்னைக்காரி. தொழிற்சங்கத்தில் கற்றதைத் தெருவில் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 1913-க்கு போன் செய்து அலுத்துவிட்டது. இரண்டு நாளில் ‘உங்கள் புகார் முடிக்கப்பட்டது’ என்று செய்தி வருகிறது. வாசலில் போய்ப் பார்த்தால் பள்ளம் அப்படியே இருக்கிறது. இனி என்ன?
— வாசகர், கொளத்தூர்

ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட வருடமும் 1913தான். மாநகராட்சிப் புகார் எண் மறந்துபோனால் அதன் தலைமையகமான அந்தக் கட்டடம் பிறந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் புகாரை நான் மட்டம் தட்ட மாட்டேன். தெருவிளக்கு எரியவில்லை, குப்பைத் தொட்டி வழிகிறது என்றால் அது போதும். பள்ளம் அப்படியல்ல. அதற்கு அப்பா யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாயும் அதன் மூடியும் மெட்ரோ வாட்டர் என்கிற சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை. கேபிளுக்குத் தோண்டியது மின்வாரியமாக இருக்கலாம். பேருந்து ஓடும் சாலைக்கு மாநகராட்சிக்குள்ளேயே தனித் துறை. உட்தெரு என்றால் மண்டல அலுவலகம். சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். ‘இது எங்களுடையது அல்ல’ என்று எழுதிவிட்டாலும் அவர்கள் கணக்கில் புகார் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் ரேஷன் கடை எதிரே ஒரு மூடி உடைந்து ஐந்து மாதம் கிடந்தது. ஓர் அலுவலகம் (எது என்று வேண்டாம், இப்போது அங்கே நல்லவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்) இன்னொன்றைக் கைகாட்டியது. அந்த இன்னொன்று இதைக் கைகாட்டியது. யாரும் விழுந்துவிடக் கூடாதென்று குழிக்குள் ஒரு வேப்பங்கிளையைச் செருகி வைத்தோம். ஐந்து மாதத்தில் மூன்று கிளை மாற்றினோம். நான் நான்கு மனு எழுதினேன். கடைசியில் விஷயத்தை முடித்து வைத்தது அந்த மூலையில் மீன் விற்கும் அக்கா. ‘தனியார் தண்ணி லாரி திரும்பும்போது ஏத்திட்டான், தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை’ என்றார். பகலெல்லாம் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தோம். உடைந்த மூடியின் ஒரு துண்டைத் தன் தார்ப்பாய் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தார். அதைத் திருப்பிக் காட்டினார். எந்தத் துறையின் மூடி என்று அதிலேயே எழுத்து வார்த்திருந்தது! அதைப் போட்டோ எடுத்து ஐந்தாவது மனுவோடு வைத்தோம். ஒன்பதாம் நாள் புது மூடி வந்தது. நான்கு மனு எழுதிய நான், ஐந்து மாதமாக அவரிடம் மீன் மட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, உங்கள் பள்ளத்துக்கு வருவோம். ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினைதான். பள்ளத்தையும் நாயையும் சேர்த்து எழுதினால் இரண்டும் போச்சு. தேதி தெரியும் போட்டோ, 1913 கொடுத்த புகார் எண்கள், இடத்துக்கு அடையாளம். முதலில் வார்டு உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ. அங்கே நகரவில்லையென்றால் செயற்பொறியாளர், அப்புறம் மண்டல அலுவலர். இரண்டு நகல் எடுத்துப்போய் ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். ‘வெச்சுட்டுப் போங்கம்மா, பாக்குறோம்’ என்பார்கள். நகரவே கூடாது. சீல் இல்லாத மனு நீங்கள் வீட்டில் எழுதி வைத்த டைரிதான். மெட்ரோ வாட்டர் விவகாரம் என்றால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் அவர்களுடைய பகுதி அலுவலகங்களில் குறைகேட்புக் கூட்டம் நடக்கும். நான் போனபோதெல்லாம் கூட்டமே இருந்ததில்லை. உட்கார்ந்து பேசலாம்.

கேள்வி: கல்லூரியில் தகவல் உரிமைச் சட்டம் பற்றிப் படித்தேன். எங்கள் தெருவில் போட்ட சாலை ஒரே மழையில் போய்விட்டது. ‘ஏன் இப்படிப் போட்டீர்கள்?’ என்று கேட்டு எழுதினேன். ‘கேள்விக்கு விளக்கம் அளிக்க இயலாது’ என்று பதில் வந்தது. என்ன தவறு செய்தேன்?
— மாணவி, ராயபுரம்

தங்கச்சி, அந்த ‘ஏன்’தான் தவறு. இந்தச் சட்டம் காகிதத்தைக் கொடுக்கும், காரணம் சொல்லாது. கோப்பில் என்ன இருக்கிறதோ அதன் நகலைக் கேட்க வேண்டும்.

இப்படி எழுதிப் பார்: இன்ன தெருவில் இன்ன தேதிக்குள் போடப்பட்ட சாலைக்கான பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல். ஆபீஸில் இதை ‘எம்-புக்’ என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டிருப்பது அதில்தான். அப்புறம் பழுதானால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எதுவரை என்று காட்டும் பக்கம். நான்கும் கைக்கு வந்துவிட்டால் ‘ஏன்’ என்று நீ கேட்கவே வேண்டாம். ஒரு இன்ச் டேப் போதும்.

விண்ணப்பத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது மழுப்பினால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுது. அங்கும் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வரிசை நீளம், பொறுமை வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: நகல் கேட்காமல் கோப்பை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரம் இலவசம். நேரில் போய்க் கோப்பைப் புரட்டினால் நாம் கேட்கத் தெரியாமல் விட்டதும் கண்ணில் படும்.

மத்தியச் சட்டம் 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு எட்டு வருடம் முன்பே, 1997-இல், தமிழ்நாடு தனியாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டுவிட்டது. நாட்டிலேயே முதல் மாநிலம். உள்ளே பார்த்தால் விதிவிலக்குகளே அதிகம், அதனால் யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை. பெருமையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, அக்காவாகச் சொல்கிறேன். ஒப்பந்தம், பணம் என்று போகும் மனுவில் உன் பெயர் மட்டும் தனியாக நிற்க வேண்டாம். நான்கு பேர் நான்கு வீட்டு முகவரியிலிருந்து நான்கு மனு போடுங்கள். மிரட்ட வருகிறவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியக் கூடாது.

கேள்வி: கிராம சபை மாதிரி நகரத்திலும் பகுதி சபை இருக்கிறதாமே? எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.
— வாசகர், வேளச்சேரி

இருக்கிறது. அது வந்த கதையைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும்.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1992-இல். மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. நம் நகரத்தில் என்ன நடந்தது? வார்டு குழுவை விடுங்கள், 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை கவுன்சிலரே கிடையாது. ஐந்து வருடத்துக்கும் மேல் ஒரு பெருநகரம் அதிகாரிகள் கையில் ஓடியது. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி, இந்தியாவிலேயே பழையது என்று பெருமை பேசுகிறோம்! 2022 பிப்ரவரியில் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. 200 வார்டு. சென்னையில் ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு 43 பேர் சொச்சம். அரசாங்கத்தை மட்டும் திட்டிப் பயனில்லை.

அந்த வருடம்தான் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே போனார். சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி, அவர்களைச் சேர்த்து கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். ஆகவே பெரும்பாலும் கட்சிக்காரர். இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்காலி போட்டிருக்கும்போது நாம் போய் உட்காராமல் இருந்தால் அவர்களுக்கு இன்னும் வசதி.

எங்கள் பகுதியின் முதல் கூட்டத்துக்குப் போனேன். ஷாமியானா, டீ, சமோசா. வந்தது முப்பது பேர் சொச்சம். பாதிப் பேர் கரை வேட்டி. ஒரு மணி நேரம் கார் நிறுத்தும் இடம் பற்றியே பேச்சு. கடைசி வரிசையில் வீட்டு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். கிளம்புகிற நேரத்தில் ஒருத்தி எழுந்து, பொதுக் கழிப்பறையை ராத்திரி எட்டு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், பத்து வரைக்கும் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டாள். ஷாமியானாவே அமைதியாகிவிட்டது. அன்றைக்குத் தீர்மானமாக எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

அடுத்த கூட்டம் வேலை நாளில் மதியம் மூன்று மணிக்கு. அவர்கள் எப்படி வருவார்கள்? நாங்கள் எட்டுப் பேர் போய், கூட்டத்தை ஞாயிறு சாயங்காலம் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். (நகலில் சீல் வாங்கினோம்.) மூன்றாவது கூட்டம் ஞாயிறு ஆறு மணிக்கு. பெண்கள் மட்டும் நாற்பது பேர். கார் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். கிராமத்தில் ஜனவரி 26, மே 1 என்று ஊரே தேதியைச் சொல்லும். நகரத்தில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. உங்கள் வார்டு அலுவலகத்துக்குப் போய் ‘எங்கள் பகுதிப் பிரதிநிதி யார், போன கூட்டத்தின் தீர்மான நகலைக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். நகல் இல்லை என்றால் கூட்டமே நடக்கவில்லை என்று அர்த்தம். அதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் சார்பில் நடைபாதைக் கடைகளை அகற்றச் சொல்லி மனு கொடுத்தோம். உங்களைப் போன்ற முற்போக்குகள் குறுக்கே நிற்கிறீர்கள். நடைபாதை நடப்பதற்கா, கடை போடுவதற்கா?
— சங்கச் செயலாளர், தியாகராய நகர்

ஐயா, கோபத்தோடு எழுதினாலும் பெயரும் முகவரியும் போட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. (பெயரை நான்தான் எடுத்துவிட்டேன்.)

நடைபாதை நடக்கத்தான். எனக்கும் முழங்கால் வலி, இறங்கி ஏற முடியவில்லை. ஆனால் உங்கள் மனுவின் நகலை இரண்டு முறை படித்தேன். பூ விற்பவர், இஸ்திரி வண்டி, கரும்புச் சாறு எல்லாம் பட்டியலில் இருக்கிறது. நடைபாதையில் ஏற்றி நிறுத்திய கார்கள் இல்லை. ஜெனரேட்டர் பெட்டி இல்லை. வீட்டு வாசலிலிருந்து நடைபாதையை விழுங்கிக்கொண்டு இறங்கும் சாய்தளம் இல்லை. உங்கள் தெருவுக்கு நான் வந்ததில்லை, ஒருவேளை அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை போலிருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் முழுசாக இல்லை. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதில் நகர விற்பனைக் குழுவுக்குப் பங்கு உண்டு. அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அந்த 40-இல் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கும் அதே மேஜையில் இடம் உண்டு. நீங்கள் மனு கொடுக்க வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன் இல்லை, அந்தக் குழு.

மெரினா பக்கம் லூப் சாலையில் நடந்ததைப் பாருங்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. 2023 ஏப்ரலில் மீன் கடைகளை அகற்றினார்கள். நொச்சிக்குப்பத்து மீனவர்கள் வலையையும் படகையும் சாலையில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாலை வந்தது நேற்று, குப்பம் எத்தனை தலைமுறை! 2024 ஆகஸ்டில் அங்கேயே அவர்களுக்கு மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். அது எல்லாருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். முதலிலேயே அவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருந்தால் நடுவில் அந்தச் சண்டை வேண்டியிருந்திருக்காது.

உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அந்தப் பூக்காரம்மாவை ஒருநாள் கூப்பிடுங்கள். மாலை எத்தனை மணிக்கு எந்தக் கார் நடைபாதையில் ஏறுகிறது என்று அவரிடம் முழுக் கணக்கு இருக்கும்.

கேள்வி: தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தபோது எங்கள் தெருவில் குப்பை மலையாகிவிட்டது. அவர்களை ஆதரிக்கச் சொல்கிறீர்கள். நாற்றத்தோடு எப்படி ஆதரிப்பது?
— இல்லத்தரசி, புளியந்தோப்பு

நாற்றம் எங்கள் தெருவிலும்தான். 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கி 13 நாள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள். வேலையைத் தனியாரிடம் விட்டால் கைக்கு வரும் சம்பளம் குறையும், நிரந்தரம் என்ற பேச்சே போய்விடும் என்பது அவர்கள் பயம். உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

மூன்று நாள் நான் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போனேன். ஏற்கெனவே பிஸ்கட் மூட்டையாகக் கிடந்தது. எங்களைப் போன்றவர்கள் எல்லாருக்கும் பிஸ்கட்தான் தோன்றுகிறது. ‘அக்கா, பாத்ரூம் போறதுக்குத்தான் வழியில்ல’ என்றாள் ஒரு பெண். தண்ணீர் குடிக்காமலேயே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் தெரிந்த ஒருவர் மூலம் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் கழிப்பறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டு, மணிக்குப் பத்துப் பேராகக் கூட்டிப் போய் வந்தோம். மழை வந்தபோது குடை.

நாற்றத்துக்கு மருந்து கேட்டீர்கள். அந்த இரண்டு வாரம் எங்கள் மாடியில் ஏழு வீடு சேர்ந்து காய்கறிக் கழிவை ஒரு பழைய டிரம்மில் மண் போட்டு மூடினோம். பிளாஸ்டிக்கைத் தனியே கட்டி வைத்தோம். நாறுவது பெரும்பாலும் ஈரக் குப்பைதான், அது போனால் மீதி கிடந்தாலும் பரவாயில்லை. இந்த ஊரில் 1989-இல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு வீடு வீடாகச் சொன்ன பாடம்தான் இது. நாம் பாதியில் மறந்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் வார்டில் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் எல்லா வேலையும் அவர் கணவர்தான் பார்க்கிறார். யாரிடம் மனு கொடுப்பது?
— வாசகி, அம்பத்தூர்

கவுன்சிலரிடம். கணவர் கை நீட்டினால், ‘அண்ணே, அவங்க கையெழுத்து வேணும், நான் காத்திருக்கேன்’ என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுங்கள். மூன்று முறை உட்கார்ந்தால் நான்காவது முறை அவர்களே வெளியே வருவார்கள். எங்கள் பக்கம் ஒருவர் அப்படி வெளியே வந்தவர், இப்போது கணவர் அறைக்குள் வந்தால் ‘மீட்டிங் நடக்குது’ என்று அனுப்பிவிடுகிறார். தாரா செரியன் 1957-இல் இந்த ஊருக்கு முதல் பெண் மேயரானார். அப்புறம் காமாட்சி ஜெயராமன். மூன்றாவதாகப் பிரியா வர 2022 ஆகிவிட்டது. பட்டியல் சாதியிலிருந்து மேயரான முதல் பெண்ணும் அவர்தான். உங்கள் கவுன்சிலரையாவது வீட்டுக்குள்ளே விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: போராட்டம் நடத்த அனுமதி வாங்கியே ஆக வேண்டுமா?
— இளைஞர், திருவொற்றியூர்

சென்னையில் ஆமாம். 1888-ஆம் வருடத்து நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. வெள்ளைக்காரன் போனான், அது போகவில்லை. 15 நாளுக்கு ஒரு தடை உத்தரவு, அது முடிந்ததும் அடுத்த 15 நாளுக்கு ஒன்று என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் பக்கம் என்று இடமும் அவர்கள் சொல்வதுதான். சிங்காரவேலர் 1923-இல் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே ஊரின் கடற்கரையில். 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அந்த மணலில் பத்துப் பேர் சேர்ந்து நின்றாலே விசில் ஊதுகிறார்கள்.

அனுமதிக் கடிதம் மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்துத்தான் நீதிமன்றம் போக முடியும்.

கேள்வி: தெருவுக்கு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். பிரச்சினை பேசலாம் என்று பார்த்தால் காலை வணக்கமும் பூப் படமும்தான் வருகிறது.
— வாசகர், முகப்பேர்

பூ வரட்டும், விடுங்கள். வேலைக்கு வேறொரு குழு தொடங்குங்கள், ஏழு பேருக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: நீங்கள் எல்லாரும் ‘நம் நகரம், நம் தெரு’ என்று எழுதுகிறீர்கள். எங்களை நகரத்திலிருந்து எடுத்துக் கண்ணகி நகரில் போட்டார்கள். இதில் எங்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?
— வாசகி, கண்ணகி நகர்

தங்கச்சி, இந்தக் கடிதத்தை ஒதுக்கி ஒதுக்கி வைத்தேன்.

2000-த்தை ஒட்டிய வருடங்கள். எங்கள் பக்கத்துக் கால்வாயைத் தூர்வாரச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடந்தது. கொசு, வெள்ளம், நாற்றம். எல்லாம் உண்மை. நான் வீடு வீடாக ஏறி இருநூறு கையெழுத்து வாங்கினேன். சங்கத்தில் பாராட்டினார்கள். மனுவின் மூன்றாவது பத்தியில் ‘கரையோர ஆக்கிரமிப்புகள்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. நான் எழுதியதல்ல, ஆனால் படித்தேன், கையெழுத்தும் போட்டேன். எட்டு மாதம் கழித்து லாரிகள் வந்தன. கால்வாயைத் தூர்வாரவில்லை. குடிசைகளை மட்டும் எடுத்தார்கள்.

அந்தக் கரையில் இட்லி விற்ற அம்மாவிடம்தான் காலை ஷிஃப்ட் போகும்போது நான் வாங்கிச் சாப்பிடுவேன். அவரிடம் நான் கையெழுத்துக் கேட்டதே இல்லை. பல வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு உங்கள் கண்ணகி நகர் இருக்கும் துரைப்பாக்கம் பக்கம் போனபோது பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டார். ‘மூணு பஸ் மாறி எக்மோர் போய் வேலை செய்றேன் கண்ணு’ என்றார். மருமகள் வேலையை விட்டுவிட்டாளாம், பேரன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டானாம். என் மனுவைப் பற்றி அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் இது நின்றதா? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை, கூவம் கரை மக்களை நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறினால் பஸ் எண்ணிக்கை கூடுமா? வீடு இடிக்கும் இடத்தில் எழுபதுகளின் கடைசியிலிருந்தே பெண்ணுரிமை இயக்கத்துப் பெண்கள் போய் நின்றிருக்கிறார்கள். அப்போது அந்தப் பக்கம் நான் போகவில்லை. கையெழுத்து வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

உனக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் எந்த மனு எழுதினாலும், இது நடந்தால் யார் வீடு போகும், யார் கடை போகும் என்று கேட்டு, அவர்களிடம் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. இரண்டு மனுவை அப்படிக் கிழித்தும் போட்டிருக்கிறோம். ஒருமுறை என் சொந்த மனுவை.

2025 அக்டோபரில் உங்கள் ஊர்ப் பெண் கார்த்திகா ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கி வந்தபோது, முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் வேலை கொடுக்கத் தயங்கியவர்கள் எல்லாம் ‘நம்ம சென்னைப் பொண்ணு’ என்றார்கள். நீ எழுதிய ‘எங்களை எடுத்துப் போட்டார்கள்’ என்ற வரியைப் படித்தபோது அதுதான் எனக்குள் ஓடியது. அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை நீயே எழுதுகிறாயா? ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். சன்மானமும் உண்டு.

கேள்வி: வயது 74. படி இறங்கினால் மூச்சு வாங்குகிறது. நான் என்ன செய்ய முடியும்?
— வாசகர், பெரம்பூர்

ஐயா, எங்கள் குழுவில் உங்களை மாதிரி ஒருவருக்காக ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஓடுவதற்குப் பையன்கள் இருக்கிறார்கள். எந்த மனு எந்தத் தேதியில் போனது, 30 நாள் என்றைக்கு முடிகிறது, யார் என்ன சொல்லித் தட்டிக் கழித்தார் என்று எழுதி வைக்கத்தான் ஆளில்லை. ஒரு நீள நோட்டு, ஒரு தேதிக் காலண்டர். காலை பத்தரைக்கு மேல் போன் செய்யுங்கள்; அதற்கு முன்னால் அலுவலகங்களில் எடுக்க மாட்டார்கள்.